தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

எங்கள் தெரு மனநல டாக்டரை, அவரைப் பெற்ற அப்பாவே பைத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரி அறைக்குள் தள்ளிப் பூட்டினார் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சுக்குக் கால் முளைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. சலவைக்கடைக்காரர் சொன்னால் ஒரு நாள் முழுக்க உள்ளே இருந்தார். சைக்கிள் கடைக்காரர் சொன்னால் ஒரு வாரம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சொன்னால் ஆறு மாதம். மார்க் போடும்போது காட்டாத தாராளத்தை அவர் இதில் காட்டுகிறார்.

சாட்சியாக எல்லோரும் நீட்டுவது டாக்டரின் காலைப் பழக்கத்தை. என் மருந்துக்கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே. நான் ஷட்டரைத் தூக்குகிற நேரம்தான் அவருக்கும் வேலை தொடங்குகிற நேரம். எண்பதைத் தாண்டிய மனிதர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, முன்னறைக்குள் போய்க் கதவைத் தன் மேலேயே சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு உள்ளேயிருந்து திறந்துகொண்டு வெளியே வருவார். அடுத்து நடு அறை. அப்புறம் படுக்கையறை. கடைசியாகக் குளியலறை. ஒவ்வொன்றிலும் போவது, சாத்துவது, திறப்பது, வருவது. வந்ததும் கதவைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார், அது ஆஜர் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகுதான் பல் துலக்குவதே.

உண்மைக் கதை வேறு. அதில் பாதியை டாக்டரின் மனைவியிடமும், கால் பங்கை அந்தக் காலத்து வார்டர் ஒருவரிடமும், மீதிக் கால் பங்கை டாக்டர் வாயிலிருந்தே பிடுங்கியும் சேர்த்திருக்கிறேன். அந்த வார்டரை ஆஸ்பத்திரியில் குட்டை வார்டர் என்பார்கள். இதில் பொய் கலந்திருந்தால் அது அவருடைய பங்கு.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். இந்த ஊரில் மனசுக்கென்று படித்துவிட்டு வந்த முதல் டாக்டர் இவர். அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்கும் நாக்கை நீட்டச் சொல்லித்தான் பார்த்தார்கள். இதைத்தான் படிக்கப் போகிறேன் என்று இவர் சொன்னபோது இவருடைய அம்மா சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டாராம். உடம்பு டாக்டர் என்றால் நாலு பேர் கும்பிடுவார்கள், இதைப் படித்தவனுக்குப் பெண் கொடுக்கக்கூட ஆள் வராது என்பது அந்த அம்மாவின் கவலை. பெண் கொடுக்க ஆள் வந்தது. ஆனால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை. டாக்டரின் மனைவியே இதைச் சொல்லிச் சிரிப்பார். "என்னைத் தவிர எல்லாத்தையும் பார்த்தார். எங்க வீட்டு ஸ்டோர் ரூம் கதவை உள்பக்கமா போய்த் தடவிப் பார்த்தார். எங்கப்பா, மாப்பிள்ளை எலிப்பொறி வியாபாரியான்னு கேட்டார்."

அந்த வீட்டில் எல்லாக் கதவுக்கும் உள்பக்கம் ஒரு பித்தளைக் கைப்பிடி உண்டு. பிடித்துப் பிடித்துத் தங்கம் மாதிரி ஆகிவிட்ட கைப்பிடி. துணி வைக்கும் பீரோவுக்குக்கூட உள்பக்கம் ஒன்று இருக்கிறது. அதை மாட்ட வந்த தச்சர், ஐயா, இதுக்குள்ள யார் இருக்கப் போறாங்க என்று கேட்டதற்கு, டாக்டரின் மனைவிதான் பதில் சொன்னாராம், புடவைக்கு எப்போதாவது வெளியே வரத் தோன்றினால் வரட்டுமே என்று. டாக்டர் சிரிக்கவில்லை. திருகாணியை இன்னும் ஒரு சுற்று முறுக்கச் சொன்னார்.

நோயாளி பார்க்கும் முன்னறையில் நாற்காலி போட்டிருக்கும் விதமே தலைகீழ். மற்ற டாக்டர்கள் கதவுப் பக்கம் முதுகு வைத்து, நோயாளியைச் சுவரோரம் உட்கார வைப்பார்கள். நோயாளி பாய்ந்தால் இவர்கள் ஓட வேண்டுமே. இவர் சுவர் மூலையில் இடுங்கிக்கொண்டு உட்காருவார். வந்தவருக்குக் கதவோர நாற்காலி. உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றுதான்: "போகணும்னு தோணிச்சுன்னா எழுந்து போங்க. என்கிட்ட சொல்ல வேண்டாம்." லாரி ஓட்டுகிற ஒருவரை மனைவியும் மச்சானும் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிவந்தார்கள். இதைக் கேட்டதும் அவர் எழுந்து வெளியே போய், என் கடை வாசலில் நின்று ஒரு சிகரெட் முழுவதையும் பிடித்து முடித்து, தானே திரும்பி உள்ளே போனார். அப்புறம் இரண்டு வருஷம் ஒழுங்காக வந்தார்.

இனி வம்சம்.

டாக்டரின் தாத்தா தச்சர். சாதாரணத் தச்சர் இல்லை, கதவுத் தச்சர். பெரிய ஆஸ்பத்திரி கட்டியபோது மனநல வார்டின் அறைக்கதவு அத்தனையும் அவர் கை வேலை. கனமான மரம். வெளியே தாழ்ப்பாள், கண் வைத்துப் பார்க்க, சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை. கதவு அறைக்கு உள்பக்கமாகத் திறக்கும். கீலைக் கொஞ்சம் சாய்த்து அடித்திருந்ததால், தள்ளிக்கொண்டு போனவர் கையை எடுத்தால் கதவு தானாக வந்து சட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். உள்பக்கத்தை மட்டும் அவர் இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார். கயிறு மாட்டவோ, பிய்த்து அடிக்கவோ, நகம் வைத்துக் கீறவோ அதில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. சொன்னதைச் செய்தார், சொன்னதற்கு மேலேயும் செய்தார். "எங்க தாத்தா கதவு தானா சாத்திக்கும்" என்பது அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஓடிய பெருமை.

தாத்தா கதவு செய்த இடத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. வார்டராகச் சேர்ந்து தலைமை வார்டர் ஆனார். ஓங்கிய உயரம், தாழ்ந்த குரல். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை என்று குட்டை வார்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். புதிதாகச் சேருகிற வார்டர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. அறைக்குள் கத்தினால் போகாதே. கத்தும்போது போனால், கத்தினால்தான் ஆள் வரும் என்று அவன் பழகிவிடுவான். அடங்கினதும் போ. போய்க் கதவைத் திறந்ததும் "சமத்து" என்று ஒரு வார்த்தை சொல்லு. அவ்வளவுதான் வைத்தியம்.

மகன் அதே ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்து சேர்ந்தார். கேட்டுக்கு உள்ளே அப்பா எழுந்து நின்று "ஐயா" என்பார். கேட்டுக்கு வெளியே "டேய்". சரியாகக் கேட் வாசலில் பேச வேண்டி வந்தால் எது வாயில் வரும் என்று குட்டை வார்டர் மற்றவர்களோடு பந்தயம் கட்டுவாராம். பெரும்பாலும் அப்பா இருமுவார்.

மகன் வந்து செய்த முதல் காரியம், யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள் வார்டில் தாழ்ப்பாள்களைக் கழற்றச் சொன்னதுதான். வார்டர்கள் பதறினார்கள். ஊருக்குள் கல்லெறிவார்கள், கிணற்றில் குதிப்பார்கள் என்றார்கள். டாக்டர் அசையவில்லை. கழற்றிய தாழ்ப்பாள்கள் ஒரு கோணிப்பை நிறைய ஆயின. பிறகு ஒவ்வொரு அறையாகப் போய், இனிமேல் இந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை, வெளியே வரத் தோன்றினால் முற்றத்துக்கு வாருங்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள், உங்கள் மனசாகத்தான் வரவேண்டும் என்று சொன்னார். வார்டர்களிடமும் அதே கண்டிப்பு. சாப்பாட்டுக்கும் குளிக்கவும் கூட்டிப்போவது போலக் கூட்டிப்போங்கள்; மற்ற நேரம் யாரையும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டு வந்தால் அது வந்ததாகாது.

ஒருவரும் வரவில்லை.

மழைக்காலம் முழுக்கப் போயிற்று. முற்றத்தில் பெஞ்சு நனைந்து காய்ந்தது. பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரிக்குத் தலைவர், வருகிற விருந்தாளிகளிடம் பெருமை பேசினார்: கதவைத் திறந்து போட்டும் ஓடாத நோயாளிகள் எங்கள் நோயாளிகள். நம் டாக்டருக்குப் பெருமை வரவில்லை, கவலைதான் வந்தது. இத்தனை வருஷம் அடைந்து கிடந்ததில் இவர்களுக்கு வெளியே வரும் ஆசையே செத்துவிட்டது என்று முடிவு செய்தார். அதற்குப் படித்த படிப்பில் ஒரு நீளமான பெயரும் இருந்தது.

அந்த வார்டில் ஒரு தையல்காரர் இருந்தார். மனைவி போன துக்கத்தில் தூக்கம் போய், வாடிக்கையாளர் கொடுத்த துணியையெல்லாம் துண்டு துண்டாக வெட்டிக் குவித்ததால் உள்ளே வந்தவர். எப்போதோ தெளிந்துவிட்டார். வார்டர்களின் கிழிந்த சட்டையைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவார். மாதம் தவறாமல் அவர் தங்கை வருவார். அண்ணன் தைத்த மெஷினைத் துணி போட்டு மூடி, எண்ணெய் விட்டு வைத்திருப்பதாகச் சொல்லுவார். கூட்டிப்போக அவர் தயார். டாக்டருக்குத்தான் சம்மதமில்லை. "உங்க அண்ணனுக்கு வெளிய வர மனசு இல்லம்மா" என்று ஒரு நாள் சொல்லியே விட்டார்.

"அவன் சொன்னானா டாக்டர்?"

"சொல்லல. கதவு திறந்துதான் இருக்கு. வரல."

அந்த அம்மா கொண்டுவந்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. வெளியே வர விருப்பமில்லாதவர்களைப் பின்கட்டிடத்துக்கு மாற்றுவது என்று மேலே தீர்மானித்திருந்தார்கள். பின்கட்டிடம் என்றால் கடைசிக் கட்டிடம். அங்கே போனவர் நடந்து திரும்பியதில்லை. யார் யார் என்று டாக்டர் வாய் திறந்து சொல்ல வேண்டும். மறுநாள் காலை கூட்டம். முதல் பெயராகத் தையல்காரர் பெயரைச் சொல்வதென்று டாக்டர் முடிவு செய்திருந்தார். ஆனாலும் மனசு உறுத்தியது. ஆளிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வார்டுக்குப் போனார்.

எப்போதும் டாக்டர் உள்ளே போனால் குட்டை வார்டர் வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருப்பார். அது மரியாதை என்று டாக்டர் நினைத்திருந்தார். அன்று குட்டை வார்டர் சாப்பிடப் போயிருந்தார். டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கட்டில் ஓரத்தில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். பின்னால் கதவு, பெருமூச்சு விடுகிற மாதிரி மெதுவாக வந்து சட்டத்தில் உட்கார்ந்தது.

சொல்லி முடித்துத் திரும்பிப் போகக் கதவில் கை வைத்தார். உள்ளங்கை வழுக்கியது. இடது பக்கம் தடவினார், வலது பக்கம் தடவினார். ஓரத்தில் விரல்விட்டு இழுக்கப் பார்த்தார். தாத்தா நகம் நுழைய இடம் வைக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லை, பூட்டு இல்லை, வெளியேயிருந்து பச்சைக் குழந்தை தள்ளினால் திறக்கும் கதவு. உள்ளேயிருந்து இழுக்க ஒரு பிடி கிடையாது.

தட்டினார். கூப்பிட்டார். பிறகு கத்தினார். "நான் டாக்டர். கதவைத் திறங்க."

இங்கேதான் விதி விளையாடியது. அந்த வார்டில் தினம் மத்தியானம் "நான்தான் டாக்டர்" என்று கத்தும் ஒருவர் இரண்டு அறை தள்ளி இருந்தார். தன் பதவியில் இன்னொருவன் கை வைப்பதைக் கேட்டு அவரும் ஆரம்பித்தார். மூலை அறையிலிருந்த இன்னொருவர், நான் ஜட்ஜு, ரெண்டு பேரையும் உள்ளே போடு என்றார். வராந்தாவின் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குட்டை வார்டர், இன்றைக்கு டாக்டர் ரெண்டு பேரா என்று தலைமை வார்டரிடம் சிரித்தார். தலைமை வார்டர் சிரிக்கவில்லை. சாப்பிடு, அடங்கினதும் போகலாம் என்றார்.

டாக்டர் கத்திக்கொண்டே இருந்தார். குரல் உடைந்தது. தையல்காரர் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க டாக்டர். கத்தினா வர மாட்டாங்க. அது இங்க சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"உங்க அப்பா."

டாக்டர் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கொஞ்சம் மூச்சு வந்ததும், இந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார், அளவு எடுக்கிற மாதிரி.

"சொன்னேனே. 'கதவு திறக்க வர மாட்டேங்குது டாக்டர்'னு சொன்னேன். நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வரும், அவசரப்படாதீங்க, உள்ளேயிருந்துதான் வரணும்'னு சொன்னீங்க. சொல்லிட்டுப் போயிட்டீங்க. கதவு சாத்திக்கிச்சு."

"அப்புறம் ஏன் மறுபடி சொல்லல?"

"படிச்சவங்க. ஏதோ சோதனை பண்றீங்கன்னு நினைச்சேன். தப்பாச் சொன்னா உள்ளேயே வச்சிடுவீங்களோன்னு பயம்."

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பேச வாய் திறந்தபோது தையல்காரர் கையமர்த்தினார். சும்மா இருங்கள், சும்மா இருந்தால்தான் வருவார்கள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜும் ஓய்ந்தார். இன்னொரு டாக்டரும் ஓய்ந்தார். வார்டு அடங்கியது. காலடி கேட்டது. கதவு உள்ளே நகர்ந்தது. உள்ளே யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, வழக்கப்படி, வாசலில் நின்ற அப்பா சொன்னார்:

"சமத்து."

பிறகுதான் மகனைப் பார்த்தார்.

டாக்டர் எழுந்தார். அப்பாவைத் தாண்டி வெளியே வந்து, கதவு மறுபடி நகர ஆரம்பித்ததைப் பார்த்து, தன் கால் செருப்பில் ஒன்றைக் கழற்றிச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தார். கதவு செருப்பில் முட்டி நின்றது. ஒற்றைச் செருப்போடு, வேர்வையில் ஒட்டிய சட்டையோடு, வராந்தா முழுக்க நடந்து, கேட்டைத் தாண்டி, தெருவோடு வீட்டுக்குப் போனார். ஊர் பார்த்தது அந்தக் காட்சியைத்தான். தலைமை வார்டர் கதவைத் திறந்துவிட, பின்னாலேயே ஒற்றைச் செருப்போடு டாக்டர். இதற்கு மேல் என்ன வேண்டும்? கதை மாலைக்குள் ஊரைச் சுற்றிவிட்டது.

வீட்டில் அன்று சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகன் கேட்டது இரண்டே கேள்வி. கைப்பிடி இல்லை என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பது ஒன்று. அப்பாவுக்கு ஆச்சரியம். கதவு செய்தவரின் பேரனுக்கே கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னது, அதன் சத்தம் விருந்தாளிகளுக்கு நாராசமாக இருக்கிறது என்பதால் என்றே அவர் நினைத்திருந்தார்.

அடுத்த கேள்வி இதுதான். என் குரல் உங்களுக்குத் தெரியவில்லையா?

அப்பா சொன்ன பதிலை டாக்டர் என்னிடம் ஒரே ஒரு தடவை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன் குரல் மாதிரிதான் இருந்துச்சு. அங்க எங்கம்மா குரல் கேட்டிருக்கேன். உங்கம்மா குரல் கேட்டிருக்கேன். நீ ஸ்கூல் போறப்ப உன் குரல் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ஓடினா நான் எப்படிடா அங்க வேலை பார்த்திருப்பேன்?"

மறுநாள் கூட்டம். குட்டை வார்டருக்கு இந்த இடம் வந்தால் குரலே மாறிவிடும். பெரிய டாக்டரும் மற்றவர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பெயர்களைக் கேட்டார்கள். நம் டாக்டர் பெயர் சொல்லவில்லை. முதலில் அறையைப் பாருங்கள் என்று கூட்டிப்போனார். தையல்காரரை முற்றத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, காலி அறையின் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். குட்டை வார்டர் கணக்கில் ஐந்து பேர் உள்ளே போனார்கள். டாக்டரிடம் கேட்டேன். "பெரிய டாக்டர் மட்டும்தான். மத்தவங்க வாசப்படியில நின்னு எட்டிப் பார்த்துட்டு நகர்ந்துட்டாங்க" என்றார். நான் அவரையே நம்புகிறேன், வருத்தத்தோடு.

டாக்டர் கையை எடுத்தார். கதவு தன் வேலையைச் செய்தது.

"தாழ்ப்பாள் இல்ல சார். விருப்பம் இருந்தா வெளிய வாங்க."

முதலில் உள்ளே சிரிப்புச் சத்தம். பிறகு கதவைத் தடவும் சத்தம். பிறகு தட்டல். பிறகு பெரிய டாக்டர் தன் வயசுக்கும் பதவிக்கும் பொருந்தாத சத்தத்தில் கத்த ஆரம்பித்தார். தலைமை வார்டர் இரண்டடி முன்னால் வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். கை தூக்கியபடியே நின்றது. உள்ளே ஆள் கத்திக்கொண்டிருந்தார்; கத்தும்போது போகிற கால் அவருக்குக் கிடையாது.

"திறங்கப்பா" என்றார் மகன். "கத்தறப்பவே திறங்க."

கேட்டுக்கு உள்ளே மகன் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா போய்க் கதவைத் தள்ளினார். "சமத்து" சொல்லவில்லை.

பின்கட்டிடத்துக்கு யாரையும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு நம் டாக்டருக்குப் பதவி உயர்வு என்பது பக்கத்து ஊர் மழை மாதிரி ஆயிற்று. இடி கேட்கும், நனைந்ததில்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அவர் மனைவி மட்டும், பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இவர் அதற்கும் கைப்பிடி வைத்திருப்பார் என்பார்.

கைப்பிடி மாட்ட ஆஸ்பத்திரியில் ஆள் அனுப்ப மாட்டோம் என்றார்கள். டாக்டர் வீட்டுப் பரணில் கிடந்த தாத்தாவின் துளைபோடும் கருவியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் போனார். அப்பா பின்னாலேயே வந்தார். தடுக்கவில்லை. என் அப்பன் இழைத்த பலகையில் நீ ஓட்டை போடப் போகிறாயா என்று மட்டும் கேட்டார். மகன் தன் நெஞ்சு உயரத்தில் புள்ளி வைத்தார். அந்த மரம் லேசில் இடம் கொடுக்கவில்லை. கருவி வழுக்கி வழுக்கிப் போயிற்று. அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டே வந்து, மகன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அங்க இல்ல. இங்க. தரையில உக்கார்ந்திருக்கிறவனுக்கும் எட்டணும்."

தையல்காரர் போன நாளைக் குட்டை வார்டர் சிரிக்காமல் சொல்லுகிறார். தங்கை முற்றத்தில் காத்திருந்தார். உள்ளேயிருந்து கதவு திறந்தது. தையல்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். தங்கை பதறி எழுந்தார். கதவு மறுபடி திறந்தது. மறுபடி சாத்திக்கொண்டது. அப்படி எத்தனையோ தடவை. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் வெளியே வந்து, தங்கை கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, டாக்டர் சட்டையின் தோள்பட்டை ஒரு விரல் இறங்கியிருக்கிறது, சரி செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கண் மங்குகிறவரைக்கும் டாக்டருக்குச் சட்டை தைத்தது அவர்தான். இப்போது போடுகிற சட்டைகளும் அவர் தைத்தவைதான். காலர் திருப்பித் திருப்பி நூலாகிவிட்டது.

அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியது. பகலில் திடீரென்று கத்துவார், யாரையோ கூப்பிடுவார். முன்னறையில் நோயாளி உட்கார்ந்திருந்தாலும் டாக்டர் எழுந்து உள்ளே ஓடுவார். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை ஓடியதையும் நான் பார்த்திருக்கிறேன். தெளிவாக இருந்த ஒரு பொழுதில் பெரியவர் கோபித்துக்கொண்டாராம், கத்தும்போது வரக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேனே என்று. "நான் அந்தப் பாடத்துல பெயில்பா" என்று மகன் சொன்னதாக டாக்டரின் மனைவி சொன்னார். சொன்ன அம்மாவின் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று போன வாரம் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கதவோர நாற்காலியைக் காட்டினார். மூலையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தாத்தாவின் மர வகையைத் தப்பாகச் சொல்லியிருந்தேன், திருத்தினார். எனக்கு ஒரு ஆசை. ஊர் சொல்லுகிற கதையிலும் கொஞ்சம் உண்மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை வருஷம் அது சோறு தின்றிருக்காது. அதனால், எப்படிப் பார்த்தாலும் உங்கள் அப்பா தெரியாமல் உங்களைப் பூட்டிவைத்தார் என்று எழுதலாமா என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். நான் எழுந்தேன். கூடவே எழுந்து கதவு வரைக்கும் வந்தார். பழக்கதோஷத்தில் அவர் திறந்துவிடுவார் என்று நின்றேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். நானே கைப்பிடியைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பித்தளை சில்லென்று இருந்தது.

"பூட்டினாருன்னு எழுதாதே" என்றார். "பூட்டியிருந்தா சாவி யார்கிட்டன்னாவது தெரிஞ்சிருக்கும். யாரும் பூட்டல. கதவு திறந்துதான் இருந்துச்சு."